வியட்நாம் வகுப்பறையில் வெளிநாட்டுத் தன்னார்வ ஆசிரியர்

வியட்நாமின் அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு முதல் ஆங்கிலம் கட்டாயப் பாடம். 2018இல் வெளியான புதிய பாடத்திட்டம் இதை வகுத்தது. 2022–23 கல்வியாண்டில் அது மூன்றாம் வகுப்பில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக் குழு, பள்ளிகளில் ஆங்கிலத்தைப் படிப்படியாக இரண்டாம் மொழியாக்க வேண்டும் என்றும் முடிவெடுத்தது. பத்துக் கோடிப் பேர் வாழும் ஒரு நாட்டில் இதற்கு வேண்டிய ஆசிரியர்களை ஓரிரு ஆண்டுகளில் உருவாக்கிவிட முடியாது. நகரங்களில் வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளை மாலை நேரத் தனியார் மையங்களுக்கு அனுப்புகிறார்கள். சிற்றூர்களிலும் மலைப்பகுதிகளிலும் அந்த வழியும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் தன்னார்வ ஆசிரியருக்கு உண்மையான வேலை இருப்பது இந்த இடைவெளியில்தான்.

ஆங்கிலத்துக்கு அங்கே இந்த மதிப்பு வந்து நெடுங்காலம் ஆகவில்லை. காலனி ஆட்சியில் படித்தவர்களின் மொழி பிரெஞ்சு. 1975க்குப் பிறகு நாடு சோவியத் அணியில் இருந்தபோது ரஷ்ய மொழி முன்னுக்கு வந்தது. 1986இல் 'தோய் மோய்' எனப்படும் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியது. 1995இல் அமெரிக்காவுடன் தூதரக உறவு மீண்டது. அதே ஆண்டு வியட்நாம் ஆசியான் அமைப்பிலும் சேர்ந்தது. காற்று ஆங்கிலத்தின் பக்கம் திரும்பியது. ரஷ்ய மொழி கற்பித்துவந்த ஆசிரியர்கள் பலர் நடுவயதில் ஆங்கிலம் படித்து, ஆங்கில ஆசிரியர்களாக மாற வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறை பட்ட பாட்டை அறியாமல் இன்றைய வியட்நாம் ஆங்கில ஆசிரியரைக் குறைத்து மதிப்பிடுவது தவறு.

தன்னார்வ ஆசிரியர்களின் வரவும் புதிதன்று. 'இன்டர்நேஷனல் வாலண்டரி சர்வீசஸ்' என்ற அமெரிக்க அமைப்பு 1957 முதல் தென் வியட்நாமுக்கு இளைஞர்களை அனுப்பியது. அவர்கள் வேளாண்மையும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார்கள். நாட்டு மொழியைக் கற்று ஊராரோடு வாழ்ந்ததால் வியட்நாம் போர் மக்களை என்ன செய்கிறது என்பதை அருகிலிருந்து கண்டார்கள். 1967இல் அங்கே அமைப்பின் பொறுப்பாளராக இருந்த டான் லூஸும் சக பொறுப்பாளர்கள் சிலரும் பதவி விலகினர். போரைக் கண்டித்து அதிபர் ஜான்சனுக்கு எழுதிய கடிதத்தில் 49 தன்னார்வலர்கள் கையெழுத்திட்டனர். கற்பிக்கப் போனவர்கள் அந்த மக்களிடம் கற்றுக்கொண்டு பேசியதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அமெரிக்க அரசின் 'பீஸ் கோர்' அமைப்பு வியட்நாமுக்குள் வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2016 மே மாதம் அதிபர் ஒபாமா ஹனோய்க்கு வந்தபோது உடன்பாடு எட்டப்பட்டது. முதல் குழுவாக ஒன்பது பேர் 2022 அக்டோபரில் உறுதிமொழி எடுத்து ஹனோய் நகரப் பள்ளிகளில் பணியைத் தொடங்கினர். இவர்களின் பணிக்காலம் இரண்டு ஆண்டு. வியட்நாம் ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பு எடுப்பதே ஏற்பாடு. ஜப்பானின் 'ஜைக்கா' அமைப்பும் தன்னார்வலர்களை அனுப்புகிறது. இன்னொரு வகை, கட்டணம் செலுத்தி இரண்டு மூன்று வாரம் வந்து போகிறவர்கள். பெயர் ஒன்றுதான், இரண்டும் ஒரே வேலை அல்ல.

சுற்றுலா விசாவில் வந்து பாடம் நடத்துவது சட்டப்படி செல்லாது. கூலி வாங்காமல் கற்பித்தாலும் அனுப்பும் அமைப்பின் கடிதமும் அதற்குரிய அனுமதியும் வேண்டும். சம்பள வேலையானால் பட்டச் சான்றிதழ், கற்பித்தல் பயிற்சிச் சான்றிதழ், குற்றப் பின்னணி இல்லை என்ற காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றுடன் பணி அனுமதி பெற வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நாட்டவர் மொழித்திறன் சான்றும் காட்ட வேண்டியிருக்கும். வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்குத் தூதரக ஒப்பம் தேவை. மாதங்களை விழுங்குவது இந்த வேலைதான். வந்து தங்கிய வீட்டின் உரிமையாளர் 12 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவு செய்தாக வேண்டும். தொலைதூரப் பகுதிகளில் 24 மணி நேரம்.

ஊர்ப்புறத்தில் நாள் விடிவது ஒலிபெருக்கியில். அதிகாலையிலேயே கம்பத்தில் கட்டிய கருவியிலிருந்து பாட்டும் அறிவிப்பும் செய்தியும் வரும். ஏரிக்கரைகளிலும் பூங்காக்களிலும் முதியவர்கள் உடற்பயிற்சியில் இறங்கியிருப்பார்கள். காலை உணவைப் பலர் வெளியில்தான் சாப்பிடுவார்கள். நடைபாதையில் முழங்கால் உயரப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்போ, இலையில் மடித்த ஒட்டரிசிச் சோறோ, பான் மி என்ற ரொட்டியோ விற்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் உட்கார்ந்தபடியே ரொட்டியைத் தின்று முடிப்பார்கள்.

அந்த மோட்டார் சைக்கிள்தான் வியட்நாம் தெருவின் அரசன். நாட்டில் பதிவானவை ஏழு கோடிக்கும் மேல். சாலையைக் கடக்கும் கலையைப் புதியவர் முதல் வாரத்திலேயே கற்றாக வேண்டும்: ஒரே வேகத்தில், நிற்காமல், பின்வாங்காமல் நடக்க வேண்டும்; ஓட்டுபவர்கள் விலகிப் போவார்கள். பயந்து பாதியில் நின்றால்தான் ஆபத்து. 2007 டிசம்பர் 15 முதல் தலைக்கவசம் எல்லாச் சாலைகளிலும் கட்டாயம். 50 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் வாடகை வண்டி ஓட்டி விபத்தில் சிக்கும் வெளிநாட்டினருக்குக் காப்பீடும் கை கொடுக்காது. கிராப் செயலியில் வண்டி கூப்பிட்டுக்கொள்வது நல்லது.

பள்ளி ஏழு மணியை ஒட்டித் தொடங்கிவிடும். பல பள்ளிகளில் இன்றும் மணிக்குப் பதில் முற்றத்திலுள்ள பெரிய முரசை அடிப்பார்கள். திங்கட்கிழமை காலை கொடி வணக்கம். கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய மாணவர்கள் வரிசையாக உட்கார, தலைமையாசிரியர் போன வாரத்துக் குறை நிறைகளைச் சொல்வார். மேல்நிலைப் பள்ளி மாணவியர் பலருக்கு அன்று ஆவ் சாய் என்ற வெள்ளை மரபு உடை. தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 35 நிமிடம், அதற்கு மேல் 45 நிமிடம். ஆசிரியர் உள்ளே நுழைந்ததும் வகுப்புத் தலைவன் குரல் கொடுக்க, எல்லோரும் எழுந்து ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள். ஆசிரியர் பதில் சொன்ன பிறகே அமர்வார்கள். புதிய தன்னார்வலர்கள் சிலர் இதைத் தேவையற்ற சடங்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் நின்றுகொண்டே இருப்பதைக் கண்ட பிறகுதான் புரிகிறது.

ஒரு வகுப்பில் நாற்பது, நாற்பத்தைந்து பேர். இருவர் இருவராக மேசைக்குப் பின்னால். கேள்வி கேட்டால் விடை தெரிந்த பிள்ளை முழங்கையை மேசையில் ஊன்றி, கையை நேராக நிமிர்த்திக் காட்டும். கையை ஆட்டுவதோ கத்துவதோ இல்லை. சேர்ந்து சொல்லச் சொன்னால் கூரை அதிரச் சொல்வார்கள். தனியே எழுந்து பேசச் சொன்னால் குரல் தொண்டைக்குள் போய்விடும். தவறாகச் சொல்லிவிட்டால் நாற்பது பேர் முன்னால் மானம் போகும் என்ற அச்சம் அது. இதை உடைக்க அனுபவசாலிகள் செய்வது ஒன்றுதான்: முதலில் பக்கத்துப் பிள்ளையோடு ஜோடியாகப் பேசவிடுவது, பிறகு நால்வராக, அதன் பிறகே வகுப்பின் முன்னால். இந்த வரிசையை மாற்றி, முதல் நாளே ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்துபவர் பல வாரங்களுக்கு அந்தப் பிள்ளையை இழக்கிறார்.

உச்சரிப்பில் வரும் இடர்ப்பாடுகளுக்கும் காரணம் உண்டு. வியட்நாமிய மொழியில் பொருள் தரும் சொல்லுறுப்புகள் பெரும்பாலும் ஓரசை கொண்டவை. அசையின் முடிவில் வரக்கூடிய மெய்யொலிகள் சில மட்டுமே. ஸ், ஃப், ல் போன்றவை முடிவில் வருவதே இல்லை. வரும் ஒலிகளையும் வெடித்து ஒலிக்காமல் வாயிலேயே அடக்கிவிடுவார்கள். அதனால் 'லைக்', 'லைட்', 'லைஃப்' மூன்றும் ஒரு பிள்ளையின் வாயில் கிட்டத்தட்ட 'லை' என்றே வரும். வினைச்சொல்லில் கால மாற்றமும், பெயர்ச்சொல்லில் பன்மை விகுதியும் இல்லாத மொழி அது. 'நேற்று' என்று சொல்லிவிட்டால் வினை மாற வேண்டியதில்லை. ஆகவே ஆங்கில இறந்தகால விகுதி அவர்களுக்கு இலக்கணத்திலும் புதிது, ஒலியிலும் கடினம். இதை அறிந்த ஆசிரியர் கவனக்குறைவு என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளமாட்டார். சொல்லின் கடைசி ஒலிக்கென்றே தினமும் சில நிமிடம் ஒதுக்குவார்.

அதே இடர்ப்பாடு மறுபக்கமும் இருக்கிறது. வியட்நாமிய எழுத்து ரோமன் எழுத்து; 17ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் உருவாக்கி, அலெக்சாந்தர் தெ ரோத் 1651இல் ரோமில் அச்சிட்ட அகராதியின் வழி நிலைபெற்றது. அதனால் புதியவருக்குக் கடைப் பலகையை முதல் நாளே வாசித்துவிடலாம் என்று தோன்றும். வாய் திறந்தால்தான் தெரியும். வட வியட்நாம் பேச்சில் ஆறு தொனிகள். தொனி தவறினால் சொல்லே வேறு. சந்தையில் விலை கேட்க மொழி கற்கத் தொடங்கும் தன்னார்வலர், மாணவர்களின் தயக்கத்தைத் தன் நாவிலேயே உணர்கிறார். ஆசிரியர் தட்டுத்தடுமாறி வியட்நாமியம் பேசுவதைக் கேட்ட வகுப்பு, ஆங்கிலம் பேசும் அச்சத்தைச் சீக்கிரம் விடுகிறது.

வயது கேட்பது அங்கே தவறில்லை. கேட்காமல் பேசவே முடியாது. யாரையும் உறவுமுறை சொல்லித்தான் விளிக்க வேண்டும். அண்ணன், அக்கா, தம்பி, மாமா, பாட்டி என்று தெருவில் போகிறவரையும் அழைக்கும் பழக்கம் தமிழருக்குப் புதிதல்ல. கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை, சம்பளம் எவ்வளவு என்ற கேள்விகளும் முதல் சந்திப்பிலேயே வரும். மேலை நாட்டவர் இதில் திகைப்பார்கள். ஆசியாவிலிருந்து போகிறவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடுவார். பள்ளியில் ஆண் ஆசிரியர் 'தை', பெண் ஆசிரியர் 'கோ'. இருபத்திரண்டு வயதுத் தன்னார்வலருக்கும் இந்த மதிப்பு உண்டு. அதற்கேற்ற நடத்தையையும் எதிர்பார்ப்பார்கள். சுருக்கமில்லாத சட்டை, தோள் மறைத்த உடை, வகுப்பில் குரல் உயர்த்தாமை, தெருவில் குடித்துவிட்டு நடக்காமை ஆகியவற்றை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்தப் பணியின் வெற்றி தோல்வி பெரும்பாலும் ஒரே ஒருவரைப் பொறுத்தது: உடன் கற்பிக்கும் வியட்நாம் ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பு முடித்தவர்கள் பத்தாம் வகுப்பில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு பெருநகரங்களில் கடும் போட்டி. அரசு மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்குமா என்று வீடே நடுங்கும் தேர்வு அது. அதற்கான இலக்கணத்தையும் சொல் தொகுதியையும் முடிக்க வேண்டிய பொறுப்பு உள்ளூர் ஆசிரியர் தலையில். விளையாட்டும் பாட்டுமாக வரும் வெளிநாட்டவர் தன் பாடவேளையைத் தின்கிறார் என்று அவர் நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. தேர்வுக்கு வரும் அதே இலக்கண அமைப்பைப் பேச்சுப் பயிற்சியாக மாற்றித் தரும் தன்னார்வலரை அவர் உடனே ஏற்றுக்கொள்வார்.

உள்ளூர் ஆசிரியரின் உச்சரிப்பையோ எழுத்துப் பிழையையோ மாணவர் முன்னால் திருத்தக் கூடாது. ஒரு முறை திருத்தினாலும் அந்த உறவு மீள நாளாகும். இடைவேளையில் ஆசிரியர் அறையில் எப்போதும் தயாராக இருக்கும் பச்சைத் தேநீரோடு, அவராகக் கேட்கும்போது சொல்வதே முறை. தன்னார்வலர் ஒருநாள் ஊர் திரும்பிவிடுவார். அந்த ஆசிரியர் இன்னும் இருபது ஆண்டு அதே வகுப்பறையில் நிற்பார். அவருடைய ஆங்கிலமும் தன்னம்பிக்கையும் வளர்ந்தால் பயன் பல தலைமுறை மாணவருக்குப் போய்ச் சேரும். தன்னார்வலர் தனியாக நின்று எவ்வளவு சிறப்பாக நடத்தினாலும் அந்த வகுப்பு அவரோடு முடிந்துவிடும்.

பதினொன்றரைக்கு உணவு, பிறகு தூக்கம். மதிய உறக்கத்தை வியட்நாமில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. முழுநாள் தொடக்கப் பள்ளிகளில் மேசைகளை ஒதுக்கிப் பாய் விரித்துப் பிள்ளைகளை உறங்கவைப்பார்கள். ஆசிரியர் அறையிலும் மடக்குக் கட்டில் விரியும். அந்த நேரத்தில் தொலைபேசியில் அழைப்பது மரியாதைக் குறைவு. மறுபடி ஒன்றரை, இரண்டு மணிக்கு வகுப்பு. கால அட்டவணை திடீரென மாறும். செய்தி சாலோ என்ற வியட்நாம் செயலியில் முந்தின இரவுதான் வரும். அது இல்லாத கைபேசியோடு அங்கே ஆசிரியராக இருக்க முடியாது.

சாப்பாட்டில் மீன் சாறு இல்லாத குழம்பும் தொட்டுக்கொள்ளும் சாறும் அபூர்வம். ஆனாலும் சைவ உணவுக்காரர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் புலால் உண்பதில்லை. 'சாய்' என்று பலகை மாட்டிய சைவக் கடைகள் நகரம் எங்கும் உள்ளன. சக ஆசிரியர்களின் விருந்தில் அரிசிச் சாராயக் குப்பி வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணிக் குவளையைத் தூக்குவார்கள். குடிக்காதவர் தேநீரைத் தூக்கினாலும் போதும். குடித்தவர் வண்டியைத் தொடக்கூடாது: 2020 முதல் ஓட்டுநருக்கு மதுவின் அளவு சுழியமாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

வியட்நாம் என்றால் எப்போதும் வெயில் என்று நினைத்துப் போகிறவர்கள் ஹனோய் குளிரில் தவிக்கிறார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் பெரும்பாலும் சாம்பல் நிறம், அவ்வப்போது தூறல். வகுப்பறையில் வெப்பமூட்டி இருக்காது. பத்து டிகிரிக்குக் கீழே போனால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், ஏழுக்குக் கீழே போனால் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஹனோயில் விடுமுறை. குளிர் விலகும் பிப்ரவரி, மார்ச்சில் ஈரம் ஏறித் தரையும் சுவரும் வியர்க்கும்; துவைத்த துணி நாள்கணக்கில் உலராது. மத்திய வியட்நாமில் அக்டோபர், நவம்பரில் வெள்ளம் வந்து பள்ளிகள் மூடப்படும். ஹோ சி மின் நகரம் இருக்கும் தெற்கில் மழைக்காலம், வெயில்காலம் இரண்டுதான்.

நவம்பர் 20 வியட்நாம் ஆசிரியர் நாள்; 1982 முதல் அரசு விழா. அன்று பூக்கடைகளில் நிற்க இடமிருக்காது. பழைய மாணவர்கள் குடும்பத்தோடு ஆசிரியர் வீட்டுக்கு வருவார்கள். வந்து மூன்று மாதமே ஆன வெளிநாட்டு ஆசிரியரும் கை நிறையப் பூவும் கையால் செய்த வாழ்த்து அட்டைகளுமாகத் திரும்புவார். ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரியில் வரும் தெத் என்ற சந்திரப் புத்தாண்டின் முதல் நாள் தந்தை வழி உறவுக்கும், இரண்டாம் நாள் தாய் வழி உறவுக்கும், மூன்றாம் நாள் ஆசிரியருக்கும் உரியது என்பது மரபு. கல்விமேல் அந்தச் சமூகம் வைத்திருக்கும் மதிப்பை ஹனோயின் இலக்கியக் கோயிலில் காணலாம். 1070இல் எழுந்த அந்த வளாகத்தில், பழைய அரசுத் தேர்வுகளில் வென்றவர்களின் பெயர் பொறித்த 82 கற்பலகைகள் கல் ஆமைகளின் முதுகில் நிற்கின்றன. தேர்வுக்கு முன் மாணவர்கள் அங்கே வந்து வணங்கிவிட்டுப் போகிறார்கள்.

தெத் விடுமுறையில் நகரம் வெறிச்சோடும், கடைகள் மூடியிருக்கும், எல்லோரும் சொந்த ஊரில். சக ஆசிரியர் அழைத்துப் போகாவிட்டால் தனிமை கனக்கும் நாள்கள் அவை. தெற்கில் இருக்கும் தமிழருக்கு ஒரு துணை உண்டு: பிரெஞ்சுக் காலத்தில், இன்றைய ஹோ சி மின் நகரமான சைகோனுக்கு வந்த தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் நகரின் மையத்தில் இன்றும் இருக்கிறது. இப்போது அங்கே ஊதுவத்தி ஏற்றுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்.

மலைப்பகுதியின் நிலை வேறு. வியட்நாம் அரசு 54 இனங்களை அங்கீகரித்துள்ளது. வட எல்லையில் வாழும் மோங் இனக் குழந்தைக்கு வியட்நாமியமே பள்ளியில் கற்கும் மொழி, ஆங்கிலம் மூன்றாவது. மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் கட்டாயமானபோது, பழைய ஹா ஜாங் மாகாணத்தின் மேயோ வாக் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளுக்கு இருந்தவர் ஒரே ஒரு ஆங்கில ஆசிரியர். ஹனோயின் மாரி கியூரி என்ற தனியார் பள்ளி தன் ஆசிரியர்களைக் கொண்டு இணையவழியில் அந்த மாவட்டப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியது. தன்னார்வலர் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான்; அவர்கள் பெரும்பாலும் குவிவதோ ஹனோயிலும் டா நாங்கிலும் ஹோ சி மின் நகரிலும்.

சில வாரத் திட்டங்களைப் பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு புதிய முகம், மறுபடி அதே நிறங்கள், அதே பழங்களின் பெயர்கள் என்று நடக்கும் வகுப்பில் பிள்ளைகள் முன்னேறுவதில்லை. ஆதரவற்றோர் இல்லங்களில் இது தீங்காகவே முடிகிறது. ஒட்டிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்து போவதை அந்தக் குழந்தைகள் திரும்பத் திரும்ப அனுபவிக்க நேர்கிறது. அத்தகைய இல்லங்களுக்குக் குறுகிய காலத்தில் போகாமல் இருப்பதே நல்லது. இன்னொரு கசப்பும் உண்டு: தனியார் மையங்கள் சிலவற்றில் வெள்ளைத் தோலுக்குத்தான் முன்னுரிமை. அதே நேரம் பிலிப்பீன்ஸ் நாட்டு ஆசிரியர்கள் தம் திறமையால் அங்கே நிலைத்திருக்கிறார்கள்.

போக விரும்புபவர் அனுப்பும் அமைப்பிடம் முன்கூட்டியே சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும். எந்தப் பள்ளி, உடன் கற்பிக்கும் ஆசிரியர் யார், எந்த விசா, செலுத்தும் பணத்தில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது, குழந்தைகளோடு பழகுபவரின் பின்னணியைச் சரிபார்க்கிறார்களா? நேரான பதில் தராத அமைப்போடு போக வேண்டாம். குறைந்தது ஒரு கல்வியாண்டு தங்க முடியாதவர், நேரில் போவதைவிட ஒரு வியட்நாம் ஆசிரியரோடு வாரம் ஒரு மணி நேரம் இணையத்தில் ஆங்கிலம் பேசினால் அதிகப் பயன் தருவார். பள்ளிகள் செப்டம்பர் 5ஆம் தேதி தொடக்க விழாவோடு திறந்து மே மாத இறுதியில் முடிகின்றன. திறப்பு நாளன்று வகுப்பறையில் நிற்க வேண்டுமானால் சான்றிதழ் வேலைகளைப் பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்கிவிட வேண்டும்.